முன்னால் போன வால்விளக்கு

தெளிவான புத்தியோடு இருந்த ஒரு மனிதரை, தன் ஞாபகத்தையே சந்தேகப்படும்படி செய்தவன் நான். இரண்டு பொய்கள் சொன்னேன். முதல் பொய் அவசரத்தில் வந்தது. இரண்டாவதை அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்.

கொரோனா கால நடமாட்டக் கட்டுப்பாடெல்லாம் நீங்கிய மறு ஆண்டு, கிள்ளான் நகருக்கு வடக்கே மேரு என்ற ஊரைத் தாண்டியுள்ள, எண்ணெய்க்காக வளர்க்கும் ஒரு செம்பனைத் தோட்டத்தில், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அது நடந்தது. எனக்கு அப்போது எழுபது வயது. இடைநிலைப்பள்ளியில் பூகோளம் கற்பித்து ஓய்வு பெற்றவன். பிரிக்பீல்ட்ஸில் ஓர் அடுக்குமாடியில் குடியிருக்கிறேன். அதே கட்டடத்தில் மூன்று மாடி கீழே அந்த மனிதர் இருந்தார். ரயில்வேயில் முப்பது வருடத்துக்கு மேல் சிக்னல் வேலை பார்த்தவர். மனைவி காலமான பிறகு தனியாகச் சமைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். ஒரே மகள் கல்யாணமாகி மேருவில் இருந்தாள். அவரை நாங்கள் எல்லாரும் 'சிக்னல்' என்றுதான் கூப்பிடுவோம். அவருக்கு நான் 'வாத்தியார்'.

நாங்கள் ஆறு பேர் ஞாயிறுதோறும் சைக்கிள் ஓட்டினோம். எல்லாரும் அறுபதைத் தாண்டியவர்கள், ஒருவரைத் தவிர. அவர் கிள்ளானில் லோரி வைத்துத் தொழில் செய்பவர். எங்கள் சைக்கிள்களை அவருடைய லோரியில்தான் ஏற்றிக்கொண்டு போவோம். "என்னை மாதிரி லோரிக்காரங்க அடிச்சுப் போட்டுருவாங்கன்னு பயந்து, என் லோரியிலயே ஏறி ஓடுறீங்க லா," என்று ஒவ்வொரு வாரமும் அதே நகைச்சுவையைச் சொல்வார். நாங்களும் ஒவ்வொரு வாரமும் சிரிப்போம். வாகனம் வராத பாதை வேண்டும் என்பதுதான் எங்கள் ஒரே நிபந்தனை. தோட்டத்தில் ஞாயிற்றுக்கிழமை குலை வெட்டு கிடையாது. செம்மண் பாதையில் முப்பது கிலோமீட்டர் சுற்றி வந்தாலும் ஒரு மோட்டார் சைக்கிள்கூட எதிர்ப்படாது.

சிக்னல் எங்களுக்கு ஒரு சட்டம் போட்டிருந்தார். ரயிலின் கடைசிப் பெட்டியில் சிவப்பு விளக்கு இருக்கும். அந்த வால்விளக்கு தன்னைக் கடந்து போவதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் சிக்னல்காரர் அடுத்த ரயிலுக்குப் பாதை கொடுப்பார். விளக்கு வரவில்லையென்றால் பெட்டி ஏதோ பின்னால் கழன்று நிற்கிறது என்று பொருள். அதே முறையை அவர் எங்களுக்கும் வைத்தார். பேட்டரியில் எரியும் ஒரு சிவப்பு விளக்கை ஒரு கம்பின் உச்சியில் கட்டி, கடைசியில் வருபவரின் சைக்கிளில் நட்டுவிடுவார். முன்னால் போகிறவர்கள் ஒவ்வொரு சந்திப்பிலும் நிற்க வேண்டும். மரங்களுக்கிடையே விளக்கு தெரிந்ததும் கிளம்பலாம். விளக்குக்காரர் யாரையும் தாண்டக் கூடாது. விளக்குக்குப் பின்னால் ஆளே இருக்கக் கூடாது. வழியில் பிரிந்து போகிறவர் விளக்குக்காரரிடம் சொல்லிவிட்டுத்தான் போக வேண்டும். வாரம் ஒருவராக விளக்கை ஏற்போம். இந்தச் சட்டம் வந்த பிறகு எங்களில் யாரும் தலையை எண்ணியதில்லை. விளக்கு வந்துவிட்டால் எல்லாரும் வந்தாயிற்று.

அவருக்கும் எனக்கும் மட்டும் இன்னொரு திட்டம் இருந்தது. ஸ்பெயின் நாட்டில் ஒரு பழைய ரயில் பாதையின் தண்டவாளங்களை எடுத்துவிட்டுச் சைக்கிள் பாதையாக்கியிருக்கிறார்கள். இரண்டு பக்கமும் குன்று குன்றாக ஆலிவ் மரங்கள். ஒரு காலத்தில் ஆலிவ் எண்ணெய் ஏற்றிய ரயில் ஓடிய வழி என்பதால் ஏற்றம் என்று பெரிதாக எதுவும் கிடையாது, வாகனமும் கிடையாது. கைப்பேசியில் அந்தப் படத்தை அவர்தான் கண்டுபிடித்துக் காட்டினார். "ரயில் போன பாதை வாத்தியாரே. கெழவன்கூட மிதிக்கலாம்," என்றார். நான் வரைபடங்களை எடுத்துப் பாதையைப் பகுதி பகுதியாகக் குறித்தேன். பயணச்சீட்டும் எடுத்தோம். தோட்டத்தில் ஓட்டியதெல்லாம் எங்கள் இருவருக்கும் அதற்கான பயிற்சி.

பயணத்துக்கு இரண்டு மாதம் இருக்கும்போது அவர் வேகம் குறைந்தது. முட்டி வலி. அடிக்கடி இறங்கினார். இவரைக் கூட்டிக்கொண்டு போனால் நான் வரைந்த நாள் கணக்கு ஒன்றும் ஒத்துவராது என்ற எரிச்சல் எனக்குள் வளர்ந்துகொண்டிருந்தது.

அந்த ஞாயிறு விளக்கு என்னிடம். எனக்கு முன்னால் அவர் மட்டும். மற்ற நால்வரும் கண்ணுக்கு எட்டாத தூரத்தில். தோட்டத்து நடுவில் ஒரு தண்ணீர்த் தொட்டி இருக்கிறது. அங்கே வலப்பக்கம் ஒரு பாதை மேருவுக்குப் பிரியும். எங்கள் பாதை இடப்பக்கம். தொட்டியடியில் அவர் மூன்றாவது முறையாக இறங்கித் தண்ணீர் குடித்தார்.

"இந்த வேகத்துல போனா அங்க உங்கள ஆம்புலன்ஸ்லதான் ஏத்திக்கிட்டுப் போவணும்," என்றேன்.

அவர் போத்தலை மூடிவிட்டு நிதானமாகச் சொன்னார்: "நான் மெதுவா வர்றதுக்குத்தானே வாத்தியாரே பின்னால விளக்கு வச்சிருக்கோம்."

அந்த நிதானம் என்னை இன்னும் கிளறியது. சைக்கிளில் ஏறி மிதித்து, அவரைத் தாண்டி இடப்பக்கம் திரும்பினேன். பின்னால் வரட்டும், ரோஷம் வந்து வேகமாக மிதிக்கட்டும் என்று நினைத்தேன். அடுத்த சந்திப்பில் நின்றிருந்த நால்வரும் தூரத்தில் சிவப்பைக் கண்டதும் சட்டப்படி கிளம்பிவிட்டார்கள். நான் அந்தச் சந்திப்பில் நின்றிருக்கலாம். நிற்கவில்லை.

தோட்டத்து வாசலில் சைக்கிள்களை லோரியில் ஏற்றும்போதுதான் லோரிக்காரர் கேட்டார்: "சார், சிக்னல் அண்ணே எங்க?"

விளக்கோடு வந்தவனிடம் கேட்கப்படும் கேள்விக்கு எங்கள் சட்டத்தில் ஒரே ஒரு பதில்தான் உண்டு. அதைச் சொன்னேன்.

"மேரு பக்கம் திரும்பிட்டாரு. மக வீட்டுக்கு."

"சொல்லிட்டுத்தான் போனாரா?"

"சொல்லிட்டுத்தான் போனாரு."

முன்பு இரண்டு முறை அவர் அப்படிப் போனதுண்டு. கோபத்தில் இந்த முறையும் அங்கேதான் போயிருப்பார் என்று நானே நம்பத் தொடங்கினேன். கிள்ளானில் வழக்கமான கடையில் உட்கார்ந்து பசியாறினோம். இரண்டு ரொட்டி சானாய் சாப்பிட்டேன். பதினொரு மணிக்கு வீட்டிலிருந்து அவரைக் கைப்பேசியில் கூப்பிட்டேன். தொடர்பு கிடைக்கவில்லை. தோட்டத்துக்குள் கைப்பேசி எடுக்காது என்பது எனக்குத் தெரியும். மகள் வீட்டில் இருந்தால் கிடைத்திருக்க வேண்டும் என்பதும் தெரியும். மறுபடி கூப்பிடவில்லை.

தொட்டியைத் தாண்டி எங்கள் இடப்பக்கப் பாதையிலேயே ஒரு கிலோமீட்டர் தூரத்தில், பாதையோரத்துப் பெரிய வடிகாலில் அவர் கிடந்தார். என்னைப் பிடிப்பதற்காக வேகமாக மிதித்திருக்கிறார். வெட்டிப் போட்ட செம்பனை மட்டை ஒன்றில் சக்கரம் ஏறிச் சறுக்கிவிட்டது. இடுப்பெலும்பு முறிந்து, சேற்றுத் தண்ணீரில் பாதி உடம்பு. கைப்பேசி தண்ணீருக்குள். காலை எட்டரைக்கு விழுந்தவரைப் பிற்பகல் இரண்டரைக்குத்தான் ஒரு வங்காளதேசத் தொழிலாளி பார்த்தார். விடுமுறை நாளில் மீன் பிடிக்கத் தூண்டிலோடு வந்தவர் அவர். வாகனம் வராத பாதை வேண்டும் என்றுதான் அங்கே போனோம். அந்த ஆறு மணி நேரமும் ஒரு வாகனமும் வரவில்லை.

செய்தி வந்ததும் மருத்துவமனைக்கு ஓடினேன். அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு மூன்று நாள் அவர் பிதற்றினார். மகளை மனைவி பெயர் சொல்லிக் கூப்பிட்டார். நான்காம் நாள் தெளிந்துவிட்டது. அன்று நான் கட்டிலருகே இருக்கும்போதே மகளிடம் சொன்னார்: "வாத்தியார் என்னைத் தாண்டிப் போனாரு, விளக்கோட. அவரைப் பிடிக்கத்தான் மிதிச்சேன்."

மகள் என்னைப் பார்த்தாள். நான் ஜன்னலைப் பார்த்தேன்.

"அப்பா, மேருக்குப் போறேன்னு அங்கிள்கிட்ட நீங்கதான் சொல்லிட்டுப் போனீங்களாம்."

"நான் சொல்லல."

"விளக்கு எப்படிப்பா உங்களத் தாண்டி முன்னால போகும்? நீங்கதானே அந்தச் சட்டத்தையே போட்டீங்க?"

 அவர் போட்ட சட்டமே அவருக்கு எதிராகச் சாட்சி சொன்னது. வெளியே தாழ்வாரத்தில் அவள் என்னிடம் மெதுவான குரலில் பேசினாள். மேருவுக்குப் போகிறேன் என்றவர் நேர் எதிர்த் திசையில் கிடந்திருக்கிறார். கொஞ்ச நாளாகவே மறதி இருந்திருக்கும், தனியாக இருந்ததால் யாருக்கும் தெரியவில்லை. "நீங்க ஏதாச்சும் கவனிச்சீங்களா அங்கிள்?" என்று கேட்டாள். சில நேரம் ஒரே கதையை இரண்டு தடவை சொல்வார் என்றேன். அது உண்மை. நானும்தான் சொல்வேன்.

அதன் பிறகு எல்லாம் ஒழுங்காக நடந்தது. அதுதான் கொடுமை. பிதற்றிய நாட்களைப் பற்றிக் கேள்விப்பட்ட ஒரு மருத்துவர் மறதிக்கு மாத்திரை எழுதினார். மகள் அவரை மேரு வீட்டுக்கு அழைத்துப் போனாள். சைக்கிளை யாருக்கோ கொடுத்துவிட்டாள். பிரிக்பீல்ட்ஸ் வீட்டுச் சாவி அவளிடம் போனது. வேலைக்குப் போகும்போது கிரில் கதவை வெளியே பூட்டிவிட்டுப் போனாள், அப்பா எங்கேயாவது இறங்கிப் போய்விடுவாரே என்று. அவள் பாசமுள்ள பெண். குற்றம் அவள்மேல் இல்லை.

நான் ஸ்பெயினுக்குப் போனேன். ஆம், போனேன். அவர் இடத்தில் யாரையும் சேர்க்காமல் தனியாகப் போனதைப் பெரிய விசுவாசம் என்று அப்போது நினைத்துக்கொண்டேன். அந்தப் பாதை படத்தில் பார்த்ததைவிட அழகு. வெள்ளிப் பச்சையில் ஆலிவ் மரங்கள் சரிவு முழுக்க வரிசை பிடித்து நின்றன. குகை வழிகள், இரும்புப் பாலங்கள், பழைய ரயில் நிலையங்கள். ஒரு நிலையத்தில் சிக்னல் கம்பத்தை அப்படியே விட்டு வைத்திருந்தார்கள். அதனடியில் உட்கார்ந்து தின்ன எடுத்த ரொட்டியை மறுபடி பைக்குள் வைத்தேன். பத்து நாளும் ஆளில்லாத பாதையில் பின்னால் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே ஓட்டினேன்.

ஊர் திரும்பி, ஒரு போத்தல் ஆலிவ் எண்ணெயும் படங்களும் எடுத்துக்கொண்டு மேருவுக்குப் போனேன். என் கைப்பேசியில் படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். சிக்னல் கம்பம் வந்ததும் விரலால் பெரிதாக்கி நெடுநேரம் பார்த்தார். மகள் சமையலறைக்குப் போனதும் குரலைத் தாழ்த்தினார்.

"வாத்தியாரே, நமக்குள்ள ஒண்ணும் இல்ல. உண்மைய மட்டும் சொல்லுங்க. அன்னைக்கு விளக்கு என்னைத் தாண்டிப் போச்சா?"

அவர் மூச்சு என் முகத்தில் படும் தூரத்தில் இருந்தேன்.

"இல்ல சிக்னல். மேருக்குப் போறேன்னு சொன்னீங்க."

அவர் தலையை இரண்டு முறை ஆட்டினார். "அப்ப சரி," என்றார். பிறகு கைப்பேசியை என்னிடம் நீட்டி, "நல்லா எடுத்திருக்கீங்க படம்," என்றார். அந்தக் கேள்வியை அவர் மறுபடி கேட்கவே இல்லை.

மாதம் ஒரு முறை போவேன். போகப் போக அவர் மேசையில் ஒரு பள்ளிக்கூட நோட்டுப் புத்தகம் வந்தது. சாப்பிட்டது, மாத்திரை போட்டது, மகள் கிளம்பிய நேரம் எல்லாம் அதில் இருக்கும். ஒரு நாள், "பசியாறிட்டீங்களா?" என்று கேட்டேன். தட்டு இன்னும் கழுவாமல் எதிரேயே இருந்தது. அவர் நோட்டைத் திறந்து பார்த்துவிட்டு, "பசியாறிட்டேன்," என்றார். முப்பது வருடம் கண்ணால் பார்த்ததை மட்டும் நம்பி ரயில்களை அனுப்பியவர் அவர்.

இப்படியே இரண்டு வருடம் போயிற்று. சென்ற ஆண்டு ஒரு முற்பகலில், சொல்லாமல் கொள்ளாமல் அங்கே போனேன். கிரிலுக்கு வெளியே நிற்கும்போதே கருகல் வாடை அடித்தது. உள்ளே பார்த்தேன். சமையலறை மேடையில் தண்ணீர் சுடவைக்கும் கெட்டிலின் பிளக் சுவரோடு உருகிப் புகைந்துகொண்டிருந்தது. கூடத்தில் மெல்லிய புகை. அவர் நாற்காலியில் கைகளை மடியில் வைத்து அமைதியாக உட்கார்ந்திருந்தார். வெளியே பூட்டு தொங்கியது.

"சிக்னல், மெயின் சுவிட்சை அடைங்க. பொகை வருது."

நான் சொன்ன மறுகணம் எழுந்தார். வாக்கரைத் தள்ளிக்கொண்டு நேராகப் போய் மெயினை அடைத்தார். ஈரத் துணியை எடுத்தார். யோசித்து அதை வைத்துவிட்டு உலர்ந்த துணியால் பிளக்கை இழுத்தார். ஜன்னல்களைத் திறந்தார். ஒரு தப்பும் செய்யவில்லை. பிறகு கிரிலருகே வந்து நின்றார்.

"ஏன் சும்மா உக்காந்திருந்தீங்க?" என்றேன்.

"வாடை வந்துச்சு வாத்தியாரே. பொகையும் தெரிஞ்சுது. எனக்கு மட்டும்தான் அப்படித் தோணுதோன்னு இருந்துட்டேன்."

கம்பியைப் பிடித்துக்கொண்டு அங்கேயே சொன்னேன். விளக்கோடு அவரைத் தாண்டிப் போனதையும், வாசலில் சொன்னதையும், அவர் முகத்துக்கு நேரே சொன்னதையும் ஒன்று விடாமல் சொன்னேன். உள்ளே போக வழியில்லை. அவர் வெளியே வரவும் வழியில்லை. அவர் அழவும் இல்லை, திட்டவும் இல்லை. நோட்டை எடுத்து வந்து அன்றைய பக்கத்தைப் பிரித்து, என் கண் முன்னாலேயே ஏதோ எழுதினார். எனக்குக் காட்டவில்லை.

"விளக்கு எங்க?" என்றார்.

"என் வீட்டுல."

"கொண்டாங்க."

மதியம் மகள் வரும்வரை படிக்கட்டிலேயே உட்கார்ந்திருந்தேன். அவளிடமும் சொன்னேன். அவள் என்னைத் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். பூட்டைத் திறக்கச் சாவியை எடுத்தவள், அதைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள்.

"ரெண்டு வருஷமா எங்கப்பா சொன்னத நான் நம்பல அங்கிள். உங்களத்தான் நம்புனேன். நீங்க வாத்தியாரு."

அவ்வளவுதான் சொன்னாள். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

என்னால் முடிந்ததைச் செய்தேன். நடந்ததை நான்கு பக்கத்தில் எழுதிக் கையெழுத்திட்டு மகளிடம் கொடுத்தேன். அதை அவள் மருத்துவரிடம் காட்டினாள். புதிதாகச் சோதனைகள் செய்தார்கள். வயதுக்கு ஏற்ற நல்ல ஞாபகம் என்று சொல்லி மாத்திரையை நிறுத்தினார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை கிள்ளான் கடையில் எல்லார் முன்னிலையிலும் சொன்னேன். லோரிக்காரர் தே தாரிக் கோப்பையைத் தள்ளி வைத்தார். "நான் கேட்டேனே சார், சொல்லிட்டுத்தான் போனாரான்னு," என்று மட்டும் சொன்னார். அடுத்த வாரம் எத்தனை மணிக்குச் சந்திப்பு என்ற செய்தி எனக்கு வரவில்லை. நான் கேட்கவும் இல்லை.

அவர் பிரிக்பீல்ட்ஸ் வீட்டுக்குத் திரும்பி வந்தார். மகளுக்கு முதலில் தயக்கம். அவர்தான் பிடிவாதமாக நின்று சாவியை வாங்கினாராம். விளக்கை எடுத்துக்கொண்டு மூன்று மாடி இறங்கிப் போனேன். வாங்கி, சுவிட்சைப் போட்டுப் பார்த்தார். எரிந்தது. கதவை மூடிக்கொண்டார். அந்த இரண்டு வருடத்தை அவருக்கு யார் திருப்பிக் கொடுப்பது? இடுப்பு சரியாகவில்லை, இனிச் சைக்கிள் ஏற மாட்டார்.

இப்போது தினமும் காலையில் வாக்கரைத் தள்ளிக்கொண்டு கடைத்தெருவுக்குப் போகிறார். வாக்கரின் பின்கம்பியில் அந்த விளக்கைக் கம்போடு நிமிர்த்திக் கட்டியிருக்கிறார். பட்டப்பகலிலும் எரிகிறது. வழியில் விழுந்துவிடுவாரோ என்ற பயத்தில் முதல் சில நாள் அவருக்குத் தெரியாமல் பின்னாலேயே நடந்தேன். ஒரு நாள் அவர் நின்றார். நானும் நின்றேன். அவர் திரும்பவில்லை.

"விளக்குக்குப் பின்னால ஆள் இருக்கக் கூடாது வாத்தியாரே. முன்னால போங்க."

தாண்டிப் போனேன். கிரிலருகே நின்ற அந்த நாளுக்குப் பிறகு அவர் என்னோடு பேசியது அது ஒன்றுதான். அதன் பிறகும் இதுவரை பேசவில்லை. மன்னிப்பு என்று அதற்குப் பெயர் வைக்கும் துணிச்சல் எனக்கு இல்லை. ஆனாலும் காலையில் அவர் லிஃப்டை விட்டு இறங்கும் நேரத்துக்குச் சற்று முன்னதாக நான் கிளம்பிவிடுகிறேன். ஒவ்வொரு சந்திப்பிலும் நின்று திரும்பிப் பார்க்கிறேன். ஆட்களுக்கும் கார்களுக்கும் நடுவே அந்தச் சிவப்பு தெரியும்வரை, அவர் என்னைக் கவனித்தாலும் கவனிக்காவிட்டாலும், நான் தெருவைக் கடப்பதில்லை.